பட்டாசு ஊரில் ஓர் இளம் குடும்பம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரங்களில் உழைப்பவர்களின் ஆண்டுக் கணக்கு தீபாவளியை ஒட்டியே ஓடுகிறது. பண்டிகைக்குச் சில நாள் முன்பு உற்பத்தி நிற்கும், போனஸ் கைக்கு வரும். சில வாரம் கழித்துப் பூஜை போட்டு ஆலையைத் திறப்பார்கள். கல்யாணம், தனிக்குடித்தனம், முதல் பிள்ளை, புது ஆலைக்கு மாறுவது எல்லாம் இந்த ஓட்டத்துக்குள்தான் மூன்று நான்கு ஆண்டுகளில் அடுத்தடுத்து வருகின்றன. கணவனும் மனைவியும் ஒரே ‘பயர் ஆபீசு’க்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, போகும் வீடுகளில் ஒரு மாற்றம் வந்தால் அது இரண்டு கூலியையும் தொடும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசையும் சரவெடியையும் தடை செய்தது. அதன் பின் ஆலைகள் சில மாதம் மூடிக் கிடந்தன. சரவெடி பின்னுவதையே கைத்தொழிலாகக் கொண்டிருந்த பல குடும்பங்கள் வேறு வேலை பழக வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட காலத்தில் குடும்பம் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் சொல்லையும் போர்மேன் சொல்லையும் நம்பியே முடிவெடுக்கிறது. அந்தச் சொற்களில் பல தவறானவை. தவறு எனத் தெரியாததால் கைக்கு வர வேண்டிய பணம் வராமல் போகிறது, சில நேரம் உயிரும் போகிறது.

“கோயிலில் தாலி கட்டியாயிற்று, பதிவு எதற்கு?”

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ளது. எந்த மதத்தினராக இருந்தாலும், தமிழ்நாட்டில் எங்கே நடந்த திருமணமாக இருந்தாலும், 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு. பதிவு செய்யாததால் திருமணம் செல்லாமல் போவதில்லை. ஆனால் ஆலை விபத்தில் கணவர் இறந்தால், ‘நான்தான் மனைவி’ என்று அலுவலகம் அலுவலகமாக நிரூபிக்கும் நிலை அந்தப் பெண்ணுக்கு வரும். மணமாகி ஓராண்டுகூட ஆகாமல், குடும்ப அட்டையிலும் பெயர் மாறாத நிலையில், ஒரு பதிவுச் சான்று அவருக்குப் பெரிய துணை.

“அட்வான்ஸ் வாங்கியாச்சு, கடன் தீரும்வரை வேறு ஆலைக்குப் போகக் கூடாது”

கல்யாணச் செலவுக்கும் வீட்டு ஒத்திக்கும் ஆலையில் முன்பணம் வாங்குவது இந்த வட்டாரத்தில் வழக்கம். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது நியாயம். அந்தக் கடனைக் காட்டி ஓர் ஆளை வேறெங்கும் வேலைக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பது குற்றம். கடனுக்காக வேலை தேடும் உரிமையை இழப்பதைக் கொத்தடிமை முறை என்றே 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வரையறுக்கிறது. அத்தகைய ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும் பத்திரத்தில் எழுதியிருந்தாலும் செல்லாது.

“தினக்கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் பேறுகால விடுப்பு கிடையாது”

இளம் குடும்பங்களுக்கு அதிக நட்டம் தரும் நம்பிக்கை இதுவே. மாதச் சம்பளக்காரருக்கு மட்டும்தான் விடுப்பு என்று எண்ணி, ஏழாம் மாதம் வளைகாப்போடு வேலையை விட்டு நின்றுவிடும் பெண்கள் ஏராளம்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கேட்டது ஒன்றே ஒன்று: பேறு எதிர்பார்க்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் அந்தப் பெண் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். தினக்கூலியா, எண்ணிக்கைக் கூலியா, நிரந்தரமா என்ற கேள்வியே அதில் இல்லை. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் தொடுத்த வழக்கில் 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கும் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. இதில் 8 வாரம் வரை பேறுக்கு முன்பே எடுக்கலாம். இரண்டு குழந்தைகள் இருந்தால் மூன்றாம் பேற்றுக்கு 12 வாரம். கருச்சிதைவு ஏற்பட்டால் 6 வாரம். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் அமலுக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் அப்படியே தொடர்கின்றன.

தொகை சிறியதல்ல. விடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த நாட்களுக்கான சராசரிக் கூலிதான் அளவு. நாளொன்றுக்குச் சராசரி 500 ரூபாய் வாங்கிய பெண்ணுக்கு 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்கு, 91,000 ரூபாய் சேரும். ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துக் கணக்குப் போடுவது தவறு. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில், வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1977இலேயே தீர்ப்பளித்தது.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் செய்யும் ஆலையானால் முதலாளிக்குப் பதிலாக ஈ.எஸ்.ஐ. கழகம் முழுக் கூலியைத் தரும். அதற்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் சேர்த்து 70 நாளுக்குச் சந்தா செலுத்தியிருந்தால் போதும். சந்தாவில் தொழிலாளியின் பங்கு கூலியில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். கையில் வரும் கூலி குறைகிறது என்று இந்தப் பிடித்தமே வேண்டாம் என்பவர்கள் உண்டு. அவர்கள் நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாயை மிச்சப்படுத்த நான்கு ரூபாய்ப் பாதுகாப்பைக் கைவிடுகிறார்கள்.

விடுப்பு எடுத்ததைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்துவது சட்டப்படி செல்லாது. பேறுக்குப் பின் முதல் 6 வாரம் ஒரு பெண்ணை வேலைக்கு அழைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. ஈ.எஸ்.ஐ. இல்லாத ஆலையில், எழுத்து மூலம் அறிவிப்பும் மருத்துவச் சான்றும் கொடுத்தால் பேறுக்கு முந்தைய காலத்துக்கான தொகையை முன்கூட்டியும், மீதியைப் பேற்றுச் சான்று தந்த 48 மணி நேரத்துக்குள்ளும் கொடுத்தாக வேண்டும்.

இதோடு குழம்பிக்கொள்ளும் இன்னொன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். அது மாநில அரசின் திட்டம். ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ளது. அதற்குத் தனித் தகுதி விதிகள் உண்டு. கர்ப்பம் உறுதியானதும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். ‘அதுதான் அரசாங்கம் கொடுக்கிறதே’ என்று சொல்லி ஆலை தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது.

“வெடிமருந்து பழகிவிட்டது, வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது”

பழகுவது மூக்குதான். வாசனையை உணராமல் போவதால் அலுமினியத் தூளும் கந்தகத் தூளும் நுரையீரலுக்குள் போவது நிற்பதில்லை. கர்ப்பிணிப் பெண் மருந்து அறையை விட்டு, பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல் போன்ற வேலைக்கு மாறிக்கொள்வதே நல்லது. பேறுக்கு முந்தைய 6 வாரத்துக்கும் முன்பான ஒரு மாதத்தில், அவர் கேட்டுக்கொண்டால், நெடுநேரம் நிற்கும் வேலையோ கடின வேலையோ தரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மாலையில் வீடு திரும்பியதும் உடை மாற்றிக் கைகால் கழுவாமல் பிள்ளையைத் தூக்கக் கூடாது. இது கணவருக்கும் பொருந்தும்.

“இரும்பு மாத்திரை பிள்ளையைக் கறுப்பாக்கும்; பிறந்ததும் சேனை வைக்க வேண்டும்”

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும் என்பது உண்மை. அதைக் கண்டுதான் இந்தப் பயம் பிறந்திருக்க வேண்டும். குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுவால் அமைவது. மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாத்திரையை நிறுத்தினால் ரத்தசோகைதான் வரும், பேறுகால ரத்தப்போக்கின்போது அது தாயின் உயிருக்கே ஆபத்து.

சேனை வைப்பது தென்மாவட்டங்களில் பாசத்தோடு செய்யும் சடங்கு. நல்ல குணமுள்ள ஒரு பெரியவர் கையால் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பிறந்த குழந்தையின் குடலுக்கு அது கிருமி போகும் வழி. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பெரியவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைப் பெயர் சூட்டும் நாளில் செய்துகொள்ளலாம்.

“பிள்ளை பெற்றவள் ஐந்து வருஷம் வேலைக்குப் போக முடியாது”

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைத்திருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. பட்டாசு ஆலையில் இதற்கு ஒரு கூடுதல் நிபந்தனை இருக்கிறது: வெடிமருந்து புழங்கும் பகுதிக்குள் குழந்தையைக் கொண்டுபோகவே கூடாது. காப்பகம் அந்த அறைகளிலிருந்து விலகி இருக்க வேண்டும். மரத்தடியில் தூளி கட்டித் தூங்கப்போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் வேலை பார்ப்பதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. இரண்டு வயது நிறைந்த பிள்ளைக்கு ஊர் அங்கன்வாடி இருக்கிறது.

“அவர் கவனக்குறைவால்தான் வெடித்தது, இழப்பீடு கிடைக்காது”

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும், 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டை அருகிலும், 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியிலும் நடந்த வெடிவிபத்துகள் பல வீடுகளை ஒரே நொடியில் குலைத்தன. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஊரில் இந்தப் பேச்சு எழும். உராய்வு அதிகமாம், மருந்தை வேகமாகக் கொட்டினாராம், இறந்தவர்மீதே பழி.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படியும், இப்போது அதன் இடத்தில் வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படியும், தொழிலாளி இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் அடைந்தாலோ அவர் கவனக்குறைவை முதலாளி ஒரு காரணமாகச் சொல்ல முடியாது. குடிபோதை, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறுதல் போன்ற காரணங்கள் இறப்போ நிரந்தர முழு ஊனமோ ஏற்படாத காயங்களுக்கு மட்டுமே எடுபடும். இறப்புக்கான தொகை, மாதக் கூலியில் பாதியை வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்கி வருவது. 30 வயதுக்கான காரணி 207.98. 2020 ஜனவரியில் நிர்ணயித்த 15,000 ரூபாய் கூலி வரம்பில் கணக்கிட்டால் 15,59,850 ரூபாய் வரும்.

ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளியின் குடும்பத்துக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வரும். கூலியில் 90 சதவீதம் முழு அளவு. மனைவிக்கு அதில் ஐந்தில் மூன்று பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு, மொத்தம் முழு அளவைத் தாண்டாதபடி பிரித்துத் தரப்படும். இதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு.

இங்கே மூன்று ஏமாற்று வேலைகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, மயானத்திலிருந்து திரும்பும் முன்பே வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் ஒரு தொகையைத் திணிப்பது. இறப்பு இழப்பீட்டை முதலாளி அதற்கான அரசு அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்திடம் நேரில் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. இரண்டாவது, ‘முதலமைச்சர் நிவாரணம் வந்துவிட்டதே’ என்பது. அது அரசின் கருணைத் தொகை, முதலாளியின் கடனை அது அடைக்காது. மூன்றாவது, ‘உள்குத்தகைக்காரர் ஓடிவிட்டார், யாரிடம் கேட்பது?’ என்பது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை வேறொருவருக்குக் குத்தகைக்கு விடுவது உரிம விதிகளை மீறிய செயல். ஒப்பந்தக்காரர் வைத்த தொழிலாளிக்கும் முதன்மை முதலாளியே பொறுப்பு.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. பட்டாசு ஆலை விபத்தில் இறந்த தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை அணுகலாம்.

“வீட்டில் செய்தால் கைத்தொழில், லீவுக்குப் பையன் போனால் என்ன?”

ஆலையில் வேலை குறையும் மாதங்களில் வீட்டுத் திண்ணையில் மருந்து அடைப்பது சில ஊர்களில் நடக்கிறது. உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பதற்கு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அடுப்பும் விளக்கும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் மருந்து வைப்பதற்கு அந்தத் தண்டனைகூடச் சிறியதுதான்.

14 வயது தாண்டிய பிள்ளை வேலைக்குப் போகலாம் என்பது அபாயமில்லாத தொழில்களுக்குச் சரி. வெடிபொருள் தொழிலுக்கு அது பொருந்தாது. 2016ஆம் ஆண்டுத் திருத்தப்படி 18 வயது நிறையாத எவரையும் அதில் அமர்த்த முடியாது. குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்ற விலக்கும் அபாயத் தொழிலுக்கு இல்லை. மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காலாண்டு விடுமுறையும் தீபாவளி நெருக்கடியும் ஒரே நேரத்தில் வருவதால் அந்த வாரங்களில்தான் பள்ளிப் பிள்ளைகள் ஆலை வேனில் ஏறுகிறார்கள். அப்படி ஏறுவதைக் காண்பவர்கள் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.