கதவைத் திறந்து வைத்து வாசி

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் ஒருத்தருக்கும் சங்கீதம் தெரியாது, அதனால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வயலின் வாசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். திருச்செந்தூர் ரோட்டு லாரிச் சத்தத்துக்காகச் சாத்தினால் சரி. உப்பளத்து வேலை முடிந்து வரும் அப்பாவின் காதில் விழக்கூடாது என்று சாத்தினால் எனக்குச் சம்மதமில்லை.

உன் கையிலிருக்கும் வாத்தியம் நம் சங்கீதத்துக்குள் வந்த கதையில் ஒரு வீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ராமசாமி தீட்சிதருக்கு மூன்று மகன்கள்: முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி. குடும்பம் சென்னைக்கருகே மணலியில் இருந்த காலத்தில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் இவர்கள் காதில் விழுந்தது. கேட்டது ஒன்றுதான், ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். தம்பி பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றார். அண்ணன் முத்துசாமி அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் கட்டினார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அவைதான். ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து ராஜ வாழ்த்தின் மெட்டு. உன் தங்கை மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள் அல்லவா? இரண்டு பேரும் சேர்ந்து அதை வாசியுங்கள். கமகம் இல்லாத மெட்டு, அதனால் சண்டை வராது. வந்தாலும் தாளத்தில்தான் வரும்.

பாலுசாமி பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அண்ணனும் கடைசியில் அங்கேயே வந்து, 1835 தீபாவளி நாளில் காலமானார். பாலுசாமி தம் மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்து வளர்த்தார். அந்தச் சுப்பராம தீட்சிதர் பிறந்தது 1839இல். பெரிய பாட்டனாரைப் பார்த்ததே இல்லை. அவர்தான் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவ ரசிகரின் தூண்டுதலில் ‘சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’யை எழுதினார். 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சான அந்தப் புத்தகத்தில் முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் இருநூறுக்கு மேல், கமகக் குறிகளோடு இருக்கின்றன. நடுவில் போன சுமார் எழுபது வருஷமும் அந்தப் பாட்டுகள் வீட்டிலும் சிஷ்யர்களிடமும் பெரும்பாலும் வாய்வழியாக இருந்தன.

அது வித்வான் வீடு, எங்கள் வீடு அப்படியா என்பாய். நியாயம்தான். அப்படி வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டப்பட்ட சங்கீதமும் நம்மிடம் நிறைய உண்டு. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் எழுத்தாளர் இடைசெவல் கி. ராஜநாராயணன் சம்சாரி வீட்டுப் பிள்ளை. விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டையும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தையும் கேட்டுக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டவர். உன் ஊரில் அடிக்கும் அதே வெயில்தான், அதே மாவட்டம்தான்.

அப்பாவிடம் ‘சிங்கார வேலனே’ பாட்டிலிருந்து தொடங்கு. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’. காருகுறிச்சியாரின் நாகசுரமும் ஜானகியின் குரலும் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். அந்த ராகத்துக்குப் பெயர் ஆபேரி என்று மட்டும் சொல். இன்னொரு நாள் ‘நகுமோமு’ போட்டுக் காட்டு. அவரே கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.

அம்மாவுக்கு ஆதி தாளம் சொல்லிக் கொடு. எட்டு எண்ணிக்கை, ஒரு சாயங்காலம் போதும். முன்பெல்லாம் முத்துக் குளிக்க இறங்கியவன் கயிற்றை மச்சான் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவான் என்று நம் கடற்கரையில் சொல்வார்கள். வள்ளத்தில் நின்றவன் கீழே கிடந்த சிப்பியைப் பார்த்ததில்லை. கயிற்றின் அசைவைத்தான் பார்த்தான். தாளம் போடும் அம்மாவும் அப்படித்தான்: மூன்றாம் காலத்தில் சரளி வரிசை ஓட ஆரம்பிக்கும்போது உனக்கு முன்னால் அம்மாவின் கைக்கு அது தெரிந்துவிடும்.

நானும் கதவைச் சாத்தியவன்தான். ஒரு வர்ணத்தில் சிட்டைஸ்வரத்தை நாலு மாதம் தப்பாகவே வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காற்றில் கதவு திறந்துகொண்டது. அடுப்படியிலிருந்து அம்மா, “வாத்தியார் வாசிக்கும்போது அந்த இடம் இழுபடாதேடா” என்றாள். சரளி வரிசைகூடப் படிக்காதவள். எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் வாத்தியார் அதே இடத்தில் வில்லைப் பிடித்து நிறுத்தினார்.

ஒன்று மட்டும் செய்துவிடாதே. விருந்தாளிகள் முன்னால் அப்பாவின் தாளத்தைத் திருத்தாதே. வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டச் சொன்னால் நைசாக நழுவிவிடு.

லீவு நாளில் நாலு பேருமாக எட்டயபுரம் போய்த் தீட்சிதர் சமாதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே உட்கார்ந்து அந்த நோட்டுஸ்வரத்தை வாசி, அம்மா தாளம் போடட்டும். பஸ்ஸில் வயலின் பெட்டியை வெயில் படும் ஜன்னல் பக்கம் வைக்காதே, ஒட்டு விட்டுவிடும். அந்தச் சீட்டைத் தங்கைக்குக் கொடு.

அன்புடன்,
உன் வாத்தியார்