பிள்ளைகள் இல்லாத இரண்டு நாள்: எங்கே போவது?

காலாண்டுத் தேர்வு முடிகிற வாரத்தில் எங்கள் அடுக்ககத்தில் ஒரே கேள்வி மாடிக்கு மாடி ஏறி இறங்கும். "அக்கா, அம்மா ஊர்லேருந்து வந்திருக்காங்க. பசங்களை நான் பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் எங்கியாச்சும் போயிட்டு வாங்கன்னு சொல்றாங்க. எங்க போலாம்?" கேட்கும்போதே பதில் முடிவாகியிருக்கும். பெரும்பாலும் ஊட்டி, விட்டால் கொடைக்கானல். கல்யாணமான புதிதில் லீவு கிடைக்காமல் விட்டுப்போன தேனிலவை இப்போதாவது ஈடுகட்டிவிட வேண்டும் என்று ஒரு காரணம். தோழி போட்ட ரீல்ஸில் பனிமூட்டத்துக்கு நடுவே காபிக் கோப்பையும், கட்டிலில் ரோஜா இதழும், துண்டை முறுக்கிச் செய்த அன்னப்பறவையும் இருந்தது இன்னொரு காரணம். இவை இரண்டிலும் சிக்காதவர்களை வீட்டுப் பெரியவர்கள் பிடித்துக்கொள்வார்கள்: "ரெண்டு பேர் மட்டும் போறதுன்னா, அப்படியே ஒரு கோயிலுக்காவது போயிட்டு வந்துடுங்களேன்."

திங்கட்கிழமை லிஃப்டில் பார்த்தால் முகத்தில் தூக்கம் வழியும். "நல்லா இருந்துச்சுக்கா" என்பார்கள். எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மாமல்லபுரம், புதுச்சேரி, மலைகள், காவிரிக் கடைமடையின் கடலோரம், செட்டிநாடு எல்லாம் யாரும் அறிந்தவைதான். நிஜமாகவே கணக்குப் பார்க்க வேண்டியது நேரத்தை. சனி காலையிலிருந்து ஞாயிறு இரவு வரைதான் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட முடிந்தால் கொஞ்சம் கூடும். பாட்டியின் முழங்கால் தாங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அருகில் உள்ளதை முதலில் முடித்துவிடுகிறேன். மாமல்லபுரம் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். யுனெஸ்கோ 1984-லேயே பட்டியலில் சேர்த்த ஊர். அர்ச்சுனன் தபசின் முன்னால் பிள்ளைகளின் "போலாம், போலாம்" இல்லாமல் நின்று பார்த்தால் அடியில் பூனை ஒன்று தவம் செய்வதும் கண்ணில் படும். சனிக்கிழமை காலை உணவை வீட்டிலேயே பிள்ளைகளோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்பது இந்த ஊரின் பெரிய வசதி. முதல்முறை பிள்ளைகளை விட்டுப் போகிறவர்களுக்கு, அதிலும் கைக்குழந்தை வயது தாண்டாத பிள்ளை உள்ளவர்களுக்கு, வேறு எதையும் நான் சொல்வதில்லை.

புதுச்சேரி 150 கிலோமீட்டர். மாலையானதும் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க இப்படி ஒரு தெரு நம் ஊர்களில் அபூர்வம். வார இறுதிக் கூட்டத்துக்கும் அறை வாடகைக்கும் மனத்தைத் தேற்றிக்கொண்டு போங்கள்.

ஊருக்குள்ளேயே ஓட்டல் அறை எடுப்பதும் ஒரு வழிதான், தவறில்லை. பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தன் வீட்டிலேயே ஓய்வெடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: துவைக்காத துணிக்கூடை உங்களை விடாது.

இனி மலைக்கு வருகிறேன்.

சென்னையிலிருந்து ஊட்டி சுமார் 550 கிலோமீட்டர். கொடைக்கானலும் ஏறத்தாழ அதே தூரம். காரில் போனால் சாப்பாட்டு நிறுத்தங்களோடு பத்து மணி நேரத்துக்கு மேல். வெள்ளி இரவு கிளம்பி விடிய விடிய ஓட்டி, சனி காலை மலையடிவாரத்தை அடையும்போது அதே யோசனையோடு வந்த மற்ற எல்லாரும் முன்னால் நிற்பார்கள். கொடைக்கானல் சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வண்டிகள் அசையாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓட்டுகிறவருக்கு வளைவைத் தவிர வேறெதிலும் கண் போகக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவர் கைப்பேசியில் சிவப்புக் கோடு எவ்வளவு நீளம் என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளத்தானே புறப்பட்டது?

நெரிசல் இப்போது நீதிமன்றம் தலையிடும் அளவுக்குப் போயிருக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும் என்றானது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வரம்பே எட்டாயிரம் என்றால் அதில் நம் வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே போய்ச் சேர்ந்தால் ஏரியில் படகு, தாவரவியல் பூங்கா, ஒரு காட்சிமுனை, வர்க்கி, வீட்டுச் சாக்லேட். எல்லா இடத்திலும் வரிசை. வரிசையில் முன்னால் பள்ளிப் பிள்ளைகள், பின்னால் பள்ளிப் பிள்ளைகள். நம் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்ததற்கு இவர்களைப் பார்த்து ஏங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான் மிச்சம்.

ஊட்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் ரயிலில் போங்கள். வெள்ளி இரவு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து காலை ஏழு மணி வாக்கில் மலை ரயில். 46 கிலோமீட்டரை ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். இந்தியாவில் இந்த முறையில் ஓடும் ரயில் இது ஒன்றுதான். 208 வளைவு, 16 குகை. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு இறங்கும் வண்டியைப் பிடித்தால் இரவு மறுபடி நீலகிரி எக்ஸ்பிரஸ். ஊட்டியில் கிடைப்பது ஒரு நாளும் சில மணி நேரமும். அதற்காக வருத்தப்பட வேண்டாம், அந்த மலை ரயில்தான் பயணம். மலை ரயிலில் இடங்கள் குறைவு, டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதுதான் சிக்கல். கிடைக்கவில்லை என்றால் "சரி, கார்லயே போயிடலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கோயம்புத்தூர், திருப்பூர்க்காரர்கள் இந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம். உங்களுக்கு ஊட்டி பக்கத்து ஊர். ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கோத்தகிரி வழியாகப் போய் வாருங்கள்.

குளிர் மட்டும் போதும் என்றால் ஏலகிரி இருக்கிறது. ஜோலார்பேட்டை வரை ரயில், பிறகு 14 கொண்டை ஊசி வளைவு, முடிந்தது. சேலம்வரை போகத் தயார் என்றால் ஏற்காடு, 20 வளைவு. ஊட்டியின் பெயர் இவற்றுக்கு இல்லை என்பதால் ரீல்ஸில் கொஞ்சம் மதிப்புக் குறையும்.

நான் மலைக்கு எதிரி என்று தோன்றலாம். மூன்றாவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிற வயிறு என்னுடையது. அதையும் சேர்த்துத்தான் என் யோசனையை எடைபோட வேண்டும். ஆனால் வயிறு திடமாக உள்ளவர்களுக்கும் நேரம் அதே நேரம்தான்.

வீட்டுப் பெரியவர்களின் "கோயிலுக்கும் போயிட்டு வாங்க" என்ற நெருக்கடிக்கு நான் சொல்கிற பரிகாரம் தரங்கம்பாடி. பக்கத்திலேயே திருக்கடையூர். அறுபதாம் கல்யாணத்துக்கு உங்களுக்கு இன்னும் நாள் இருந்தாலும் அபிராமியிடம் ஒரு அர்ச்சனை செய்து, குங்குமப் பொட்டலத்தை மாமியாருக்கு வாங்கி வைத்துவிட்டால் மீதி நேரம் முழுக்க உங்களுடையது. தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த ஊர். இரண்டு தெரு நடந்தால் ஊர் முடிந்துவிடும். இரவானால் அலைச்சத்தம் தவிர ஒன்றும் இல்லை. "அங்க என்னக்கா இருக்கு?" என்பார்கள். ஒன்றும் இல்லாததுதான் அதன் சிறப்பு. மயிலாடுதுறை வரை ரயில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் ஓட்டு செட்டிநாட்டுக்கு. வெள்ளி பிற்பகல் எழும்பூரில் பல்லவன் ஏறினால் இரவு காரைக்குடி. ஞாயிறு இரவு ராமேஸ்வரம் பக்கமிருந்து வரும் வண்டியில் ஏறினால் திங்கள் விடியலில் சென்னை. நடுவில் முழுசாக இரண்டு பகல். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பர்மா தேக்குத் தூணும் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவருமாக நிற்கும் வீடுகளில் சிலவற்றைக் கட்டணம் கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கலாம். சில தங்கும் விடுதிகளாகவே ஆகிவிட்டன. அந்த வீடுகளில் வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்': ஒரே கூரையின் கீழ் அவர்களுக்குத் தனி அடுப்பு, தனி வரவுசெலவு. அத்தனை பேர் புழங்கும் வீட்டில் இரண்டு பேருக்கென்று கொஞ்சம் இடமும் கணக்கும் வேண்டும் என்று அவர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள். அந்த முற்றத்தில் உட்கார்ந்து இதைப் பேசிப் பாருங்கள், பேச்சு எங்கெங்கோ போகும்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். கண்ணாடிச் சட்டத்தின் மேல் அச்சை வைத்து, வண்ணத்தைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி எடுக்கிறார்கள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறிக் காற்றில் காய்வதுதான். நடக்க நடக்க மெருகேறும் என்பார்கள். மாலையில் காரைக்குடிக்குத் திரும்பி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகளுக்குள் நுழைந்தால் எனாமல் தூக்குவாளிக்குப் பேரம் பேசுவதில் ஒருவரும், அதை எங்கே வைப்பது என்று தடுப்பதில் இன்னொருவரும் மும்முரமாகிவிடுவீர்கள். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைப் பணியாரத்தைக் காரச் சட்னியோடு சாப்பிடாமல் திரும்பாதீர்கள், அவ்வளவே. சித்திரை, வைகாசி வெயிலில் போகாதீர்கள்.

எந்த ஊரானாலும் உங்கள் இருவரின் சுபாவத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒருவருக்குத் தூக்கம் வேண்டியிருக்கும், இன்னொருவருக்கு ஊர்சுற்ற வேண்டும். காலை உங்களுக்கு, மாலை எனக்கு என்று புறப்படும் முன்பே பிரித்துக்கொள்ளலாம். தோழி போன ஊரில் தோழிக்குப் பிடித்தது அவள் கணவரோடு அவளுக்குப் பிடித்தது. பொறுமையும் வேண்டும். முதல் நாள் முழுக்கப் பேச்சு பிள்ளைகளைப் பற்றியே ஓடும். தமிழ் ஹோம்வொர்க், இருமல், ட்யூஷன் ஃபீஸ். "நமக்குப் பேச வேற ஒண்ணுமே இல்லையா" என்று உடனே பயந்துவிடாதீர்கள். பல வருஷம் வீட்டு நிர்வாகமாகவே பேசிப் பழகிய வாய் ஒரு மாலையில் மாறாது. இரண்டாம் நாள் காலை, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போது, ஆபீஸில் நடந்ததையோ எப்போதோ விட்டுப்போன ஒரு சண்டையையோ ஒருவர் ஆரம்பிப்பார். அதற்கு இடம் விட்டு வையுங்கள். நிகழ்ச்சிநிரலை மணிக்கு மணி நிரப்பினால் அந்தக் காலை வராமலே போய்விடும். பாட்டிக்கு ஒரு நாளில் ஒரு போன், அதுவும் சொல்லிவைத்த நேரத்தில். வீடியோ கால் வேண்டாம். விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுகையே வரும்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. பாட்டியிடம் தேதியை உறுதி செய்துகொண்டு பிறகு டிக்கெட் போடுங்கள். அந்த இரண்டு நாளும் சமையலுக்கு ஆள் ஏற்பாடு செய்துவிடுங்கள். அறையை மட்டும், கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் பணம் திரும்பும் என்ற நிபந்தனை உள்ள இடத்தில் எடுங்கள், கொஞ்சம் வாடகை கூடினாலும் பரவாயில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பெரும்பாலும் வியாழக்கிழமை இரவில்தான் வரும்.