கையிலா, வீட்டிலா?

வீடியோ விளையாட்டுக் கருவிகளில் கையில் ஏந்துவது ஒரு வகை. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைப்பது மற்றொரு வகை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, 2017 மார்ச்சில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'சுவிட்ச்' கருவியை வெளியிட்டது. 2025-க்குள் 15 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. அப்படியானால் வீட்டுக் கருவி மறைந்துவிடுமா? கணக்கிட்டே பார்ப்போம்.

சுவிட்சின் மின்கலம் ஏறத்தாழ 16 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கிறது. முதல் மாதிரி, பெரிய விளையாட்டுகளில் சுமார் 2.5 மணி நேரம் இயங்கியது. ஆற்றலை நேரத்தால் வகுத்தால் திறன் கிடைக்கும்: 16 ÷ 2.5 = 6.4 வாட்.

2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 என்னும் வீட்டுக் கருவியோ சுமார் 200 வாட் திறனில் இயங்குகிறது. அதை அதே மின்கலத்தில் இயக்கினால் 16 ÷ 200 = 0.08 மணி. ஐந்து நிமிடம்கூட ஓடாது!

பெரிய மின்கலம் பொருத்தினால்? செலவாகும் மின்னாற்றல் இறுதியில் வெப்பமாகிறது. 200 வாட் வெப்பத்தைக் கையில் ஏந்த இயலுமா?

சில்லுகள் சிக்கனமாகி வருகின்றன, உண்மை. ஆனால் அந்தச் சிக்கனம் வீட்டுக் கருவிக்கும் கிடைக்கும். ஆகவே எளிய படமே போதும் என்போரைக் கைக்கருவி ஈர்க்கும். நுணுக்கமான படம் வேண்டுவோருக்கு வீட்டுக் கருவி நிலைக்கும்.

மாணவர்களே! உங்கள் வீட்டுக் கைப்பேசியின் மின்கலத்திற்கும் இக்கணக்கைச் செய்து பாருங்கள்.