உயர்வேகப் பொறியும் அதன் எண்ணெயும்

உருத்திரபுரத்து வயல்களில் உழவு யந்திரம் செலுத்துவோருள், எண்ணெய் தடித்திருந்தாற்றான் பொறி நீடித்து உழைக்கும் எனக் கருதுவோர் உளர். மெல்ல ஓடிப் பெருஞ்சுமை இழுக்கும் பொறிக்கு அக்கருத்து ஓரளவு பொருந்தும். மிகுவேகத்திற் சுழலும் பந்தயக் காருக்கும் அதுவே விதியாகுமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மாசி பேர்கூசன் 240 உழவு யந்திரத்தில் பிஸ்டன் ஒரு வீச்சிற் செல்லும் தூரம் 127 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 2250 சுற்று ஓடும்போது அதன் சராசரி வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 9.5 மீற்றர். 1999 ஆம் ஆண்டு வெளிவந்த ஹொண்டா எஸ் 2000 காரின் வீச்சோ 84 மில்லிமீற்றரே. ஆயினும் அது 9000 சுற்று வரை ஓடுதலின் வேகம் 25 மீற்றரைக் கடக்கின்றது. வீச்சை இரட்டித்துச் சுற்றாற் பெருக்கி 60 ஆல் வகுத்து மாணவர் இதனைச் சரிபார்த்துக் கொள்க.

இத்துணை விரைவைத் தாங்க மிகத் தடித்த எண்ணெய் வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் ஹொண்டா நிறுவனத்தார் தம் கைந்நூலில் விதித்தது 10டபிள்யூ-30 என்னும் மெல்லிய எண்ணெயே. 2000 ஆம் ஆண்டளவில் வந்த பி.எம்.டபிள்யூ. எம்3 காரும் 8000 சுற்று வரை ஓடுவதே. அதற்கு விதியாய் நிலைத்ததோ 10டபிள்யூ-60. வேகம் ஏறத்தாழ ஒத்திருக்க எண்ணெய் இவ்வாறு வேறுபடுதல் ஏன்?

சுழலும் தண்டு, பெயாரிங் எனப்படும் போதிகையைத் தொட்டு ஓடுவதன்று. மிக மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து ஓடுவது. அப்படலத்தை உண்டாக்குவன எண்ணெயின் பிசுக்குமையும் தண்டின் வேகமுமாம். வேகம் கூடுந்தோறும் படலம் தானே தடிக்கும். குறுகிய இடைவெளியில் வேண்டாத தடிப்புள்ள எண்ணெயைப் புகுத்தினால், அதன் உள்ளுராய்வு வெப்பமாகும். பொறியின் வலுவும் வீணாகும். இடைவெளியும் குளிரூட்டலும் பொறிக்குப் பொறி வேறாதலின், பொறியை வகுத்தோர் விதித்த எண்ணே முதல் அளவுகோல்.

டபிள்யூ என்பது குளிர்காலக் குறி. வன்னி வெயிலில் 5க்கும் 10க்கும் உள்ள வேறுபாடு பற்றி நாம் பெரிதும் கவலவேண்டியதில்லை. பின்வரும் எண் 100 பாகை வெப்பத்திலுள்ள பிசுக்குமையைக் குறிப்பது. 60 எண் எண்ணெய் 30 எண் எண்ணெயைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பிசுக்குடையது. பந்தயத் தடத்தில் எண்ணெய் 100 பாகையை எளிதிற் கடந்துவிடும். ஆதலின் 150 பாகையில், கடுவேகத்தில் அளந்த பிசுக்குமையையும் நோக்குதல் வேண்டும். சாதாரண எண்ணெயில் நீண்ட மூலக்கூறுகளைச் சேர்த்தே வெப்பத்திலும் தடிப்பைக் காப்பர். விரைந்தோடும் உறுப்புகள் அவற்றை நறுக்கிவிட, 40 என வாங்கியது நாளடைவில் 30 ஆகித் தேயும்.

இவ்விடத்து நம் ஆமணக்கை மறத்தல் தகாது. முதலாம் உலகப் போர்க்கால வானூர்திகளின் சுழற்பொறிகளுக்கு ஆமணக்கெண்ணெயே வார்க்கப்பட்டது. அது பெற்றோலிற் கரையாது, வெப்பத்திலும் படலம் விடாது. காஸ்ட்ரோல் என்னும் பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரடியாகப் பிறந்ததே. நாட்பட்டாற் பிசினாய் இறுகுவது அதன் குற்றம். இன்றைய பந்தய எண்ணெய்களில் விலையுயர்ந்த எஸ்தர் வகை, வேதியியல் முறையில் அதற்கு உறவே.

1990களில், பெற்றோல் தடைப்பட்ட நாள்களில், பழைய கார்களைப் பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயால் ஓட்டியதை மூத்த பழைய மாணவர் மறந்திரார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து வழிந்து, கீழுள்ள எண்ணெயை மெலிவித்துவிடும். அளவுகோலில் மட்டம் குறையாது, சிலவேளை உயர்ந்தும் நிற்கும், எண்ணெயோ பயனற்றிருக்கும். பொறி சூடேறுமுன் குறுந்தூரம் ஓடி நிற்கும் பந்தயக் காரிலும் பெற்றோல் இவ்வாறே கலப்பதுண்டு. ஆதலின் மட்டத்தைப் பார்ப்பதோடு அமையாது, கோலை முகர்ந்தும் பார்த்தல் நன்று. வளைவுகளில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கப் பம்பி காற்றை உறிஞ்சக்கூடுமாதலின், ஓட்டத்தின் முன் நல்லெண்ணெய் மேற்குறிவரை நிற்றல் வேண்டும்; அதனைக் கடத்தலும் ஆகாது.