சென்னையை பஸ், ரயிலிலேயே சுற்றிப் பார்க்க 14 குறிப்புகள்

விடுமுறைக்குக் குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறவர்கள், கார் வைத்துக்கொண்டால்தான் ஊரைப் பார்க்க முடியும் என்று நினைக்கிறார்கள். காரில் போனால் பாதி நாள் சிக்னலிலேயே கழிந்துவிடும். மின்சார ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ, மாநகர பஸ் நான்கையும் பயன்படுத்தத் தெரிந்துகொண்டால் செலவும் குறையும், அலைச்சலும் குறையும். அதற்கு அடிப்படை ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரு ரயில் பாதை.

1. பார்க்க வேண்டிய இடங்களை எழுதி, எது எந்த ரயில் பாதையில் இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டலூர், மதியம் மயிலாப்பூர், மாலையில் எழும்பூர் என்று போட்டால் பயணத்திலேயே நாள் போய்விடும்.

2. கடற்கரை - வேளச்சேரி பறக்கும் ரயிலுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். திருவல்லிக்கேணியில் இறங்கினால் பார்த்தசாரதி கோயில். திருமயிலையில் கபாலீசுவரர் கோயில். கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும். திருவான்மியூரில் மருந்தீசுவரர் கோயில். மெரினாவுக்குச் சேப்பாக்கம் அல்லது கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும்.

3. கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு மின்சார ரயிலுக்கு இன்னொரு நாள். கோட்டை நிலையத்தில் இறங்கினால் புனித ஜார்ஜ் கோட்டை. அதற்குள்ளே 1680-ல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. தலைமைச் செயலகமும் அங்கேயே இருப்பதால் சோதனை உண்டு; அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அதே பாதையில் எழும்பூர் அருங்காட்சியகம், கிண்டி சிறுவர் பூங்கா, வண்டலூர் உயிரியல் பூங்கா எல்லாம் வரும்.

4. வண்டலூர் போகிறவர்கள் ரயிலின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏறுங்கள். ‘தாம்பரம்’ என்று போட்டிருந்தால் அது தாம்பரத்தோடு நின்றுவிடும். வண்டலூருக்குச் செங்கல்பட்டு வரை போகும் ரயிலில் ஏற வேண்டும்.

5. விடுமுறை நாள் இடத்துக்கு இடம் மாறும். எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். வண்டலூர் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, முட்டுக்காடு தட்சிணசித்ரா மூன்றுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மெரினா கலங்கரை விளக்கத்தில் திங்கள்கிழமை ஏற முடியாது. குழந்தைகளிடம் ஆசை காட்டும் முன் கிழமையைப் பாருங்கள்.

6. கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். வெயில் உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தை அருங்காட்சியகம், நூலகம் போன்ற கூரையுள்ள இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

7. சென்ட்ரல் பக்கம் பலரும் குழம்பிப்போகிறார்கள். தாம்பரம் ரயில் சென்ட்ரலுக்குள் வராது. எதிரே இருக்கும் ‘பூங்கா’ நிலையத்தில் நிற்கும். பறக்கும் ரயில் நிற்பது ‘பூங்கா நகர்’. அது வேறு நிலையம். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி ரயில்கள் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும். வழி கேட்கும்போது ‘பார்க் ஸ்டேஷன்’ என்று மட்டும் கேட்காமல், எங்கே போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

8. வயதானவர்களை அழைத்து வந்தால் முடிந்தவரை மெட்ரோவில் போங்கள். லிஃப்ட், கழிவறை, குளிர்வசதி எல்லாம் உண்டு. எழும்பூர், வடபழனி, கோயம்பேடு, விமான நிலையம் ஆகிய இடங்களுக்கு மெட்ரோ வசதி. நீலப் பாதையிலிருந்து பச்சைப் பாதைக்கு மாற சென்ட்ரல், ஆலந்தூர் என்ற இரண்டு நிலையங்களை நினைவில் வைத்தால் போதும்.

9. தென் மாவட்ட பஸ்கள் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஆட்டோவுக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டாம். மாநகர பஸ்ஸில் தாம்பரம் வந்து மின்சார ரயில் பிடியுங்கள். ரயிலில் வருகிறவர்களும் எழும்பூர் வரை போகத் தேவையில்லை. தங்குமிடத்தைப் பொறுத்துத் தாம்பரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

10. மாநகர பஸ்ஸின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்த பேருந்துகளைப் பார்த்து ஏறுங்கள். இலவசம் என்றாலும் கண்டக்டரிடம் அதற்கான டிக்கெட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். டீலக்ஸ், ஏ.சி. பஸ்களுக்குக் கட்டணம் உண்டு.

11. சென்னை பஸ்ஸில் கண்டக்டர் பெரும்பாலும் பின்பக்கத் தம் இருக்கையிலேயே இருப்பார். முன்னால் ஏறியவர் ‘ஒரு அடையாறு, பாஸ் பண்ணுங்க’ என்று காசை நீட்டினால், கைமாறிப் போய் டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். கூட்டத்தில் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள், கூச்சப்படாமல் நீட்டலாம். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் தனியாக இருந்தால் எல்லோருக்கும் சுலபம்.

12. வண்டி எண்ணோடு ‘கட்’ என்று இருந்தால் அந்த பஸ் முழுத் தூரமும் போகாது. ஏறும் முன்னே ‘இது எதுவரைக்கும் போகுது?’ என்று கேட்டுவிடுங்கள். இரண்டாம் கட்ட மெட்ரோ பணி நடக்கும் சாலைகளில் பஸ் ஸ்டாப் இடம் மாறியிருக்கலாம். பழைய நினைவில் நிற்காமல் பக்கத்துக் கடையில் விசாரியுங்கள்.

13. ரயில் டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டாம் என்றால் 2025-ல் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். மின்சார ரயிலிலும் பஸ்ஸிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம். பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறினால் அபராதம் உண்டு.

14. காலை எட்டு முதல் பத்தரை வரையும், மாலை ஐந்து முதல் எட்டு வரையும் அலுவலகக் கூட்டம். கைக்குழந்தையோடு அந்த நேரத்தில் ஏற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு, ஆனால் மின்சார ரயில்களும் குறைவு. பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் செல்போன் எண்ணும் தங்குமிட முகவரியும் எழுதிய சீட்டை வைத்துவிடுங்கள். தவறிப் பிரிந்தால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும் என்று ஏறும் முன்பே சொல்லிவையுங்கள்.