பரந்த பல்கலைக்கழக வளாகத்திற்குக் கம்பியில்லா வலையமைப்பு

திருவனந்தபுரம் நகரின் நடுவே பாளையத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம் அமைந்துள்ளது. 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய இந்நிறுவனத்தின் ஆய்வுத் துறைகள் பலவும் அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வடக்கே, காரியவட்டத்தில் உள்ளன. தமிழ்த்துறை, கணிப்பொறி அறிவியல் துறை, சுவடி நூலகம், மாணவர் விடுதிகள் முதலியவை நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்பில், மரங்கள் அடர்ந்த மேட்டு நிலத்தில் பரவிக் கிடக்கின்றன. இத்தகைய வளாகத்திற்குக் கம்பியில்லா இணையத் தொடர்பு அமைக்கும்போது பொதுப்பணம் வீணாகாதிருக்கக் கவனிக்க வேண்டியவை யாவை என்பதை ஆராய்வோம்.

வானலை ஒரு பொதுச்சொத்து

தொலைவிலுள்ள கணிப்பொறிகளை வானலையால் இணைக்கும் முயற்சி ஒரு பல்கலைக்கழகத்தில்தான் உருப்பெற்றது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் பல தீவுகளில் இருந்தன. நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழு 1971-இல் 'அலோஹா' என்னும் வலையமைப்பை இயக்கியது. நிலையங்கள் யாவும் ஒரே அலைவரிசையில், வேண்டியபோது செய்தி அனுப்பின. இரண்டு செய்திகள் மோதினால் இரண்டையும் மீண்டும் அனுப்ப நேர்ந்தது. இம்முறையில் அலைவரிசையின் கொள்திறனில் 18 விழுக்காட்டிற்குச் சற்று மேல்தான் பயன்படும் எனக் கணக்கிடப்பட்டது. பின்வந்த முறைகள் இதனைப் பெரிதும் சீர்படுத்தின. ஆயினும் வானலை ஊர்ப் பொதுக்கிணறு போன்றது என்னும் உண்மை மாறவில்லை. இறைப்போர் பெருகப் பெருக, ஒவ்வொருவர் குடமும் நிரம்பக் காலம் பிடிக்கும்.

பரப்பளவா, மக்கள் தொகையா?

ஆகவே திட்டமிடுவோர் ஏக்கரைக் காட்டிலும் ஆட்களையே முதலில் கணக்கிட வேண்டும். 300 பேர் தங்கும் விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவு 9 மணிக்கு 200 பேர் ஒருசேர இணையத்தைப் பயன்படுத்துவதாகவும், ஒருவருக்கு விநாடிக்கு 2 மெகாபிட் வேண்டும் எனவும் கொண்டால், மொத்தத் தேவை 400 மெகாபிட். மாணவரின் கைபேசியோடு தொடர்பு கொள்ளும் வானலைப் பெட்டியை அணுகல் நிலையம் என்பர். அத்தகைய நிலையம் ஒன்று நடைமுறையில் 80 மெகாபிட் தருமாயின், ஐந்து நிலையங்கள் தேவை. பரப்பளவை மட்டும் நோக்கினால் இரண்டே போதும் எனத் தோன்றும். அவ்வாறு இரண்டே அமைத்தால், கைபேசியில் அலைக்குறி முழுமையாகத் தெரியும். பாடம் மட்டும் இறங்காது.

ஐந்து பெட்டிகளையும் மனம்போன இடங்களில் மாட்டிவிடவும் இயலாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் மத்திய அரசு வழிசெய்தது. அப்பகுதியில் ஒன்றையொன்று தொடாத தடங்கள் மூன்றே. அருகருகேயுள்ள நிலையங்கள் ஒரே தடத்தில் இயங்கினால் ஒன்றுக்கொன்று இடையூறாகும். 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் தடங்கள் மிகுதி. கட்டடங்களுக்கு வெளியேயும் அதனைத் தாராளமாகப் பயன்படுத்த 2018 அக்டோபரில் விதிகள் தளர்த்தப்பட்டன. ஆனால் அவ்வலை சுவர்களை ஊடுருவுவது குறைவு. எனவே மக்கள் நெருக்கம் மிகுந்த விடுதிக்கும் நூலகத்திற்கும் 5 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகள் பலவற்றைக் குறைந்த ஆற்றலில் இயக்குவதே ஏற்றது.

தொலைவைக் கடக்க ஒளியிழை

கட்டடத்திற்கும் கட்டடத்திற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க ஒளியிழையே சிறந்தது. வலையமைப்பிற்குரிய செப்புக் கம்பி வழக்கமாக 100 மீட்டருக்கு மேல் உதவாது. மேலும், துலா மாதத்து இடிமின்னல் கேரளத்தில் கடுமையானது. கட்டடங்களை இணைக்கும் செப்புக் கம்பி வழியே மின்பாய்ச்சல் நுழைந்து கருவிகளை அழிக்கக்கூடும். உலோகமற்ற ஒளியிழைக்கு இந்த ஆபத்து இல்லை.

பள்ளம் தோண்ட இயலாத இடங்களில் மட்டும் திசைநோக்கிய வானலை இணைப்பை நாடலாம். தேனிப் பகுதியில் அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமப்புறக் கண் மையங்களை இவ்வகை நெடுந்தொலைவு வை-ஃபை வாயிலாக இணைத்து, நோயாளிகள் காணொலியில் மருத்துவரைக் காண வழிசெய்தது. இதற்கு இரு முனைகளும் ஒன்றையொன்று தடையின்றிக் காண வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் இணைப்பாயின், பார்வைக்கோட்டின் நடுப்பகுதியைச் சுற்றி 3.6 மீட்டர் ஆரமுள்ள அலைமண்டலத்தின் பெரும்பகுதி திறந்திருத்தல் அவசியம். இன்று திறந்துள்ள வழியை நான்கு ஆண்டுகளில் மரம் அடைத்துவிடலாம். நனைந்த இலை அலையை மேலும் உறிஞ்சும். ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெறும் திருவனந்தபுரத்தில், கோடையில் மட்டும் கள ஆய்வு நடத்துவது போதாது. மழைக்காலத்திலும் அளத்தல் வேண்டும்.

தொடர்செலவு

கருவி வாங்க மூலதனம் கிடைத்துவிடுகிறது. பராமரிக்கப் பணம் கிடைப்பதில்லை. இது நம் பொதுத்துறைத் திட்டங்கள் பலவற்றில் காணும் குறை. 60 லட்சம் ரூபாய்க் கருவிகளின் ஆயுள் ஆறு ஆண்டுகள் எனில், அவற்றைப் புதுப்பிக்க மட்டுமே ஆண்டுக்குப் 10 லட்சம் ஒதுக்க வேண்டும். மின்தடையைத் தாங்கும் மின்கலம், பழுதுபார்க்கும் பணியாளர், வெளியிணைப்புக் கட்டணம் ஆகியவை இதற்கு மேற்பட்டவை. இவற்றிற்கு ஆண்டு வரவுசெலவில் தனித் தலைப்பு இல்லையேல், திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பெட்டிகள் சுவரில் அலங்காரமாக நிற்கும்.

வெளியிணைப்பிற்கு இன்று வழிகள் பல உள்ளன. உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்பு 2010-இல் தொடங்கப்பட்டது. இணையத்தைக் குடிமக்களின் உரிமையாக 2017-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த கேரள அரசு, மின்வாரியக் கம்பங்கள் வழியே ஒளியிழை பரப்பும் கே-ஃபோன் திட்டத்தை 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைத்தது. வாயில்வரை வரும் இந்த வசதி, வளாகத்தின் கடைக்கோடி விடுதியைச் சென்றடைவது உள்வலையமைப்பைப் பொறுத்தது.

வசதியுள்ள மாணவர் சொந்தக் கைபேசிக் கட்டணத்தில் சமாளித்துக்கொள்வார். உதவித்தொகையில் பயிலும் முதல் தலைமுறை மாணவருக்கு விடுதியின் இணைப்பே நூலகம். ஆதலால் முதலில் ஒளியிழை, அடுத்து விடுதிகளும் நூலகமும், பின்னர் வகுப்பறைகள், இறுதியாகத் திறந்தவெளிகள் என்னும் வரிசையில் பணியை மேற்கொள்வதே பொருளாதார நோக்கிலும் சமூக நீதி நோக்கிலும் பொருத்தமானதாகும்.