உள்ளறைப் பயிருக்கு ஏற்ற விளக்கு
(கூட்டுறவுக் கல்விப் பாடம்)

நூலை எடை பார்த்து மட்டும் வாங்கும் நெசவாளர் எவரும் இலர். எந்த நெம்பர், எத்தனை சிட்டம் என்று கேட்டறிந்த பின்னரே பணம் எண்ணிக் கொடுப்பார். ஆனால், பயிர் அறைக்கு எல்.இ.டி. விளக்கு வாங்கும்போது, "எத்தனை வாட்?" என்ற ஒரே வினாவோடு நின்றுவிடுகிறோம். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி, அது தரும் ஒளியின் அளவன்று.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. வெயில் விலையின்றிக் கிடைக்கும் இடத்தில் விளக்கை நாடுவது சிக்கனமாகாது. நிழல்வலைக் குடிலில் வளரும் நாற்றை அறைக்குள் கொணர வேண்டா. திசு வளர்ப்புக் கூடம், அடுக்குத் தட்டுகளில் கீரை வளர்க்கும் மூடிய அறை போன்றவற்றிற்கே இப்பாடம் பொருந்தும்.

1. ஒளியின் அளவை

லூமென் என்பது மனிதக் கண்ணுக்கு உரிய அளவை. நம் கண் பச்சை ஒளியையே மிகுதியாக உணரும். பயிரோ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளித்துகள்களைக் கொண்டு உணவு ஆக்குகிறது. அத்துகள்களை மைக்ரோமோல் கணக்கில் எண்ணுவர். ஒரு ஜூல் மின்சாரத்திற்கு விளக்கு எத்தனை மைக்ரோமோல் தருகிறது என்பதே அதன் திறன். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் எண் இதுவே.

2. ஒரு கணக்கு

4 சதுர மீட்டர் தட்டில் கீரை வளர்ப்பதாகக் கொள்வோம். சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் வீதம், நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஒளி வேண்டும். மொத்தத் தேவை நொடிக்கு 800 மைக்ரோமோல். ஒளி முழுவதும் தட்டின்மீதே விழுவதாகக் கொண்டால், திறன் 1.5 உள்ள விளக்குகள் 533 வாட் உண்ணும், நாளைக்கு 8.5 யூனிட் செலவாகும். திறன் 2.5 உள்ளவை 320 வாட் உண்ணும், செலவு 5.1 யூனிட். வேறுபாடு மாதத்திற்கு ஏறத்தாழ 102 யூனிட். ஆண்டிற்கு 1,240 யூனிட்டுக்கு மேல். மலிவென்று வாங்கிய விளக்கு, சங்கத்தின் ஆதாயத்தை மாதந்தோறும் சிறிது சிறிதாக அரித்துவிடும்.

3. நிறம்

660 நானோமீட்டர் அளவிலுள்ள சிவப்பும் 450 அளவிலுள்ள நீலமும் பயிருக்கு நன்கு பயன்படும். எனினும் அவ்விரண்டு மட்டும் கலந்த ஊதா வெளிச்சத்தில் இலையின் மஞ்சளிப்பும் நோய்ப்புள்ளியும் கண்ணுக்குப் புலப்படா. வெள்ளையோடு சிறிது சிவப்புச் சேர்ந்த விளக்கே அறையில் உழைப்போர்க்கு உகந்தது.

4. உறுதி

சூடு மிகுந்தால் ஒளி குன்றும், ஆயுளும் குறையும். ஆகவே வெப்பத்தைக் கடத்தும் உலோகப் புறம் தேவை. ஈர அறைக்கு, நீர் புகாத கட்டமைப்பும் மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கும் காப்பும் இன்றியமையாதவை. உத்தரவாதத்தை எழுத்தில் பெறுக. "ஆயிரம் வாட்டுக்கு நிகர்" என்ற விளம்பரச் சொல்லை நம்பற்க. மீட்டரில் உண்மையாக ஓடும் வாட்டையே காண்க.

மொத்தமாக வாங்குமுன் ஒரு விளக்கை மட்டும் வாங்கித் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒளியை அளந்து பார்த்தல் நன்று. ஒளிமானி ஒன்றைச் சங்கமே வாங்கி வைத்தால் அங்கத்தினர் அனைவருக்கும் பயன்படும்.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் பயிருக்கு விளக்கு உண்மையில் தேவையா?
2. விலை கூடிய விளக்கின் அதிகப்படிப் பணம், மின்கட்டண மிச்சத்தால் எத்தனை மாதத்தில் திரும்பும்?
3. தனித்தனியே வாங்குவதிலும் சங்கத்தின் வழியே வாங்குவதிலும் உள்ள நன்மை தீமைகள் யாவை?